பக்தவச்சலத்தின் கைராசி

உப்பு லாரி எடைமேடையை விட்டு இறங்கியதும் பக்தவச்சலம் சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியே நீட்டுவார். அடுத்த லாரி ஏறுவதற்குள் இன்னொரு வேலை பாக்கியிருக்கும். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நிற்கும் கள்ளிச்செடியின் ஓரமாகக் கையை விரித்து வைத்து அளப்பார். "ஒரு சாணு, ரெண்டு வெரக்கட" என்பார் சத்தமாக. கேட்க ஆள் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க மாட்டார்.

மரக்காணத்து உப்பளச் சாலையில் அவரைத் தெரியாத லாரிக்காரன் கிடையாது. மூக்கு நுனியில் கண்ணாடி, ஏசி அறைக்குள்ளும் தலையில் ஒரு துண்டு. "ஏசி கம்பூட்டருக்குப்பா, எனக்கு இல்ல" என்பார். உப்புப் பாத்தியின் வெளுப்பு கண்ணைக் கூசுகிறதென்று அறையின் கண்ணாடிகளுக்கெல்லாம் கறுப்புத்தாள் ஒட்டியிருக்கிறார். சீட்டு நீட்டுகிற சின்ன ஜன்னல் ஒன்றுதான் வெளிச்சத்துக்கு வழி. செடி எந்நேரமும் அந்தப் பக்கமே சாயும். "லாரி வருதான்னு எட்டிப் பாக்குது, திருட்டுக் கழுத" என்று தொட்டியைத் திருப்பி வைப்பார். சாயாமலிருக்கப் பழைய பேனா ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார்.

புதுச்சேரி போகிற வழியில் ஒரு நர்சரியில் வாங்கியது அது. வாங்கும்போது எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டையாக இருந்தது. "வேலியில கேப்பாரில்லாம கெடக்குற கள்ளிய காசு குடுத்து வாங்கியாந்த மகராசன் நீதான்" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அதனால்தான் செடி வீட்டில் இல்லாமல் எடைமேடைக்கு வந்து சேர்ந்தது.

விஷயம் என்னவென்றால், பக்தவச்சலம் அதுவரை நட்ட எதுவும் பிழைத்ததில்லை. முருங்கை பட்டுப்போனது, தென்னங்கன்று கருகியது, ரோஜா மொட்டோடு செத்தது. அவர் வீட்டு மண்ணை ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டால் குழம்புக்குத் தனியாக உப்பு வேண்டாம். ஆனால் மண்ணை யார் குறை சொல்கிறார்கள்? தொட்டது துலங்காத கை என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? தங்கை மங்கம்மாவின் மூத்த பெண் கல்யாணத்தில் பந்தக்கால் நட்டது யாரோ ஒரு பங்காளி. தாய்மாமனான இவர், தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றார். அன்றைக்கு அவர் சாப்பிடாமல் வந்தது மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

அப்படிப்பட்டவர் கையில் ஒரு செடி சரசரவென்று ஏறினால் சும்மா இருப்பாரா? லாரிக்காரர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். "ஏம்பா, போன மாசம் பாத்தியே, இப்போ பாரு." முதலில் சிரித்தவன் டிரைவர் சேட்டு. பிறகு அவனே, "அண்ணன் கைராசிக்காரருடா, கள்ளியையே கரும்பு மாதிரி வளக்குறாரு" என்று சொல்லித் திரிந்தான். அடேயப்பா, அதற்கப்புறம் வந்த மவுசைக் கேட்க வேண்டுமே. புது லாரி வாங்கியவன் சாவியை இவர் கையில் கொடுத்து முதலில் ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். காசிலிங்கம் பரங்கி விதையைக் கொண்டுவந்து, "சும்மா தொட்டுக் குடுங்கண்ணே" என்று நின்றான். கடைசியில் மங்கம்மாவின் வீட்டுக்காரர் பஞ்சநாதனே சொல்லி அனுப்பிவிட்டார்: சின்னவள் பூங்குழலி கல்யாணத்துக்கு மச்சான்தான் பந்தக்கால் நட வேண்டும். பக்தவச்சலம் அன்று முழுக்கப் பாட்டு முணுமுணுத்தபடி சீட்டுக் கிழித்தார்.

பந்தக்காலுக்கு ஒரு வாரம் இருக்கையில் செம்மண் ஏற்றிய மினி லாரி ஒன்று எடைக்கு வந்தது. கூட வந்தவள் நர்சரிக்காரி மேரிசெல்வி. சீட்டு வாங்கக் குனிந்தவள் செடியைப் பார்த்துவிட்டு உள்ளேயே வந்துவிட்டாள்.

"ஐயையோ, இது நம்மகிட்ட வாங்குனதாச்சே. என்னாண்ணே இப்படி ஆயிட்டுது?"

"எப்படி வளத்துக்கிறேன் பாத்தியா?" என்றார் இவர்.

"எங்கண்ணே வளந்துது? இந்தச் சாதி வருஷத்துக்கு ஒரு வெரக்கட ஏறுனாலே பெருசு. எத்தினி வருஷம் போனாலும் ஒரு டம்ளர் ஒசரம்தான், அதோட நின்னுடும். வெளிச்சம் பத்தாம கழுத்த நீட்டிக்கினு கெடக்குதுண்ணே இது. பாரு, மேல எப்படி வெளுத்து, எளச்சு..."

பக்தவச்சலம் பார்த்தார். அடியில் பச்சையாக ஒரு குண்டு உருண்டை. அதற்கு மேல் சுண்டு விரல் பருமனுக்கு ஒரு வெளிறிய தண்டு. தினம் அளந்தவருக்கு அது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"மேல் பாகத்த வெட்டிடுங்க. அடிக்கட்ட நல்லாத்தான் இருக்குது, தானா துளிர்க்கும். அந்தக் கறுப்புத்தாள கிழிச்சிட்டு ஜன்னலோரமா வைங்க. இப்படியே வுட்டா பாரம் தாங்காம மடிஞ்சு அழுகிடும்" என்று சொல்லிவிட்டு அவள் வண்டி ஏறினாள்.

வெட்கமாக இருந்தது அவருக்கு. பசித்த பிள்ளை அழுவதைப் பாட்டு என்று ஊரைக் கூட்டிக் காட்டியிருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டார். வீட்டில் சொன்னபோது மனைவி விவரமாகத்தான் பேசினாள். "கல்யாணம் முடியட்டும், அப்புறம் வெட்டிக்கயேன். யாரு வந்து கேக்கப் போறா?"

நியாயந்தான். மறுபடியும் தேங்காய் மூடியோடு நிற்க யாருக்கு ஆசை? இரண்டு நாள் அளக்காமல் கிடந்தார். மூன்றாம் நாள் தண்டு முட்டுக்கொடுத்த பேனாவையும் சாய்த்துக்கொண்டு மடிந்து கிடந்தது. "போடா, பேரும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்று பிளேடை எடுத்தவர், ஒரே அறுப்பில் அறுத்துவிட்டார். கையெல்லாம் முள். கறுப்புத்தாளையும் கிழித்தார். அறைக்குள் வெயில் வந்து விழுந்தது.

மறுநாள் மதியம் பஞ்சநாதனும் பூங்குழலியும் வெற்றிலைத் தட்டோடு வந்தார்கள். பஞ்சநாதனின் கண் நேராக மேஜைக்குத்தான் போனது.

"எங்க மச்சான் செடி?"

பக்தவச்சலம் ஜன்னலோரத்தில் இருந்த அடிக்கட்டையைக் காட்டினார். "அது வளரல மாப்ள. வெளிச்சத்துக்கு ஏங்கி நீண்டுக்கினு இருந்திருக்குது. நாந்தான் வளருது வளருதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். கைராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ வேற ஆளப் பாத்துக்க."

பஞ்சநாதன் தட்டைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். "அப்போ... பங்காளி வூட்ல ஒரு வார்த்த கேட்டுப் பாக்கவா?" என்று இழுத்தார்.

பக்தவச்சலம் தலையாட்டினார். வெளியே லாரி ஹார்ன் அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

பூங்குழலி அப்பா கையிலிருந்த தட்டை வாங்கினாள். "யப்பா, நாம நடப் போறது மூங்கிலு. அது வளந்து என்னா ஆவப்போவுது? கல்யாணம் முடியிற வரைக்கும் நின்னா போதும்." மாமன் பக்கம் திரும்பினாள். "நல்லா ஆழமா பள்ளம் தோண்டு மாமா" என்று தட்டை நீட்டினாள்.

லாரிக்காரன் மறுபடி ஹார்ன் அடித்தான். பக்தவச்சலம் எழுந்தார். தலையிலிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, முள் தைத்த கைகள் இரண்டையும் நீட்டினார்.