கிளட்ச் காலின் குற்றம்

ஊரில் எந்தப் பழைய கார் இருமினாலும் அந்த மெக்கானிக்கிடம்தான் வரும். நீண்ட ஸ்குரூடிரைவரின் நுனியை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். அதனால் 'நாடி டாக்டர்' என்று பெயர். வாடிக்கையாளரின் காலை அவர் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. கால் குற்றவாளியானால் கூலி கிடைக்காது.

மனைவி விஷயம் வேறு. வீட்டுக் காரில் லைசென்ஸ் தேர்வுக்குப் போனவள் இருமுறையும் மேட்டில் குலுங்கி நின்றுபோனாள். இன்று பிற்பகல் மூன்றாவது முயற்சி. மாலைக்குள் லைசென்ஸைக் காட்டாவிட்டால், மருந்துக்கடை டெலிவரி வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"ஏதோ ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடிக்குதுங்க."

"உன் கிளட்ச் கால்தான் விட்டு விட்டு அடிக்குது."

"கஸ்டமர் சொன்னா காதைக் குடுக்குறீங்க, நான் சொன்னா வாயைக் குடுக்குறீங்க!"

காலையிலேயே அவரை மேட்டுக்கு இழுத்துப்போய் ஓட்டச் சொன்னாள். கார் குலுங்கியது.

"ரோடு சரியில்ல."

"ரோட்டுக்கும் கிளட்ச் கால் இருக்கா?"

அவர் வண்டியைத் திருப்பினார். வீட்டு வாசலுக்கு வந்ததும் முனகினார். "மின்சாரம் எங்கயாவது கசியும். இருட்டுனாத்தான் பொறி தெரியும், அப்ப பாக்கலாம்."

இருட்டும்வரை வேலை காத்திருக்காது. படுக்கைப் போர்வையைக் கொண்டுவந்து, திறந்த எஞ்சின்மேல் கூடாரமாகப் போர்த்தினாள். அவர் பிரேக்கை அழுத்தி, கிளட்சை மெல்ல விட்டு எஞ்சினைத் திணறவைக்க, அவள் பக்கவாட்டில் நின்று போர்வைக்குள் குனிந்தாள்.

எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "வண்டிக்கு ஆவி பிடிக்கிறீங்களா அக்கா?"

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஏங்க, டிஸ்ட்ரிபியூட்டர் மூடிமேல நீலமா பூரான் மாதிரி ஓடுது!"

"எங்க?"

"மூணுக்கும் நாலுக்கும் நடுவுல. நீங்க போட்ட கோட்டுமேலயே!"

எஞ்சின் நின்றது. சிலிண்டர்களுக்கு மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் அந்த மூடியில், பிளக் வயர்கள் இடம் மாறிவிடக் கூடாதென்று வரிசையாக எண் எழுதி, எண்ணுக்கு எண் கோடும் இழுத்திருந்தார். பென்சிலால். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கைக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"கையெழுத்து ஜொலிக்குதுங்க," என்றாள்.

அவர் மூடியைச் சுரண்டித் துடைத்தார்.

பிற்பகலில் தேர்வு அதிகாரி மேட்டிலிருந்து சிரித்த முகமாக இறங்கினார். "போன தடவ அந்தக் குலுக்கு குலுக்குச்சு. இப்ப வெண்ணெய் மாதிரி ஏறுதே! என்னம்மா பண்ணீங்க?"

நாடி டாக்டர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

"கால்தான் சார் கோளாறு," என்றாள் அவள், லைசென்ஸ் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "வீட்டுக்காரர் துடைச்சு விட்டார்."