பின்சீட்டில் ராசு

சாமிக்காக நீங்கள் கடைசியாக எதை இழந்தீர்கள்? உண்டியலில் போட்டதைக் கேட்கவில்லை. அது நீங்கள் சாமியோடு நடத்திய வியாபாரம். பிழைப்பையே இழந்ததுண்டா?

வெள்ளிமலையில் ஜீப் ஓட்டும் தெய்வசிகாமணி இழந்தார். அவர் தொழும் ஏசு வானத்தில் இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஆனால் தெய்வசிகாமணி இருக்கிறார்.

கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போன ராசு அங்கேயே செத்துப்போனார். உடலை ஏற்றிவந்த வாடகை வண்டிக்காரன், மழையில் மலையேற முடியாது என்று அடிவாரத்துப் புளியமரத்தடியில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டான். ராசுவின் மனைவி பச்சையம்மாள் புருஷன் தலையை மடியில் வைத்து, தான் நனைந்தபடி அவர் முகத்துக்கு மட்டும் குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள். மேலே போன ஜீப்புகள் எதுவும் நிற்கவில்லை. பிணம் ஏறிய ஜீப்பில் மலைச்சனம் ஏறாது. செத்தவன் பின்சீட்டை விட்டு இறங்கமாட்டானாம். கோழி அறுத்து நாலு சக்கரத்திலும் ரத்தம் தொட்டால்தான் போவானாம்.

தெய்வசிகாமணி நிறுத்தினார்.

"ஏறும்மா."

"ஜீப்பு தீட்டாயிடுமேண்ணா."

"ஏசுவ சிலுவையிலேர்ந்து எறக்க யாரோ ரெண்டு பேரு தோள் குடுத்தாங்கல்ல? அவங்க தீட்டு பாத்திருந்தா அவரு அங்கியே தொங்கிக்கினு இருந்திருப்பாரு. ஏறு."

அதற்குப் பிறகு அவர் ஜீப்பில் ஆள் ஏறவில்லை. ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"இன்னா சிகாமணி, கூட்டம் கம்மியா? அதான் ராசு பின்னால குந்திக்கினு இருக்கானே, அவனாண்ட டிக்கெட் வாங்கேன்!"

"வாங்கியாச்சு. உனக்கும் சேத்து அவனே எடுத்துட்டான்," என்பார்.

கோழி அறுத்துவிடு என்று ஊரே சொன்னது. மாட்டேன் என்றார். சபையின் பாஸ்டர், எண்ணெய் பூசி ஜெபித்து ஆவியைத் துரத்துகிறேன் என்று வந்தார். அதற்கும் அதே பதில்தான். "துரத்துறதுக்கு அவன் இன்னா நாயாங்க? பொண்டாட்டி மடியில படுத்துக்கினு வந்த மனுசன். கழுவணும்னு சொன்னா அவன் அசிங்கம்னு நானே ஒத்துக்கினேன்னு ஆவும்."

பாஸ்டர் எண்ணெய்ப் புட்டியோடு திரும்பிப் போனார். தெய்வசிகாமணி மரவள்ளிக்கிழங்கு ஏற்றிப் பிழைத்தார். மூட்டைகளுக்குப் பேய்ப் பயமில்லை.

ஒருநாள் கரியாலூருக்கு அப்பால், போன் சிக்னல் கிடைக்காத ஒரு சிற்றூரில் கிழங்கு ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் கலையரசிக்குப் பிரசவ வலி. ரத்தம் நிற்கவில்லை. ஊரில் இருந்த ஒரே வண்டி அவருடையது. மூட்டைகளை உருட்டித் தள்ளிவிட்டு ஓடினார். மாமியார் குஞ்சம்மாள் வாசலில் கையை விரித்து மறித்தாள்.

"பொணவண்டில எம் மருமவள ஏத்தமாட்டேன். கோழி அறு, ஏத்துறேன்."

"யம்மா, ரத்தம் போய்க்கினே இருக்குதும்மா. கால்ல உழறேன்."

"உன் சாமிக்கு ஆவாதுன்னு எம் மருமவ சாவணுமா?"

உள்ளே பாயில் கலையரசியின் முனகல் தேய்ந்துகொண்டே வந்தது. அவர் ஒருமுறை ஜீப்பின் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அறு. சீக்கிரம் அறு."

கோழி கைக்கு அகப்படவில்லை. வேலிக்குள் புகுந்து, எருக்குழியைத் தாண்டி ஓடியது. உள்ளே ஓர் உயிர் போய்க்கொண்டிருக்க, ஓர் ஊரே கோழி துரத்தியது. கடைசியில் சேற்றில் விழுந்து அதைப் பிடித்துக் கொடுத்தவர் தெய்வசிகாமணிதான். நாலு சக்கரத்திலும் ரத்தம் தொட்டார்கள். கலையரசியை ஏற்றினார்கள். மலைப்பாதை வளைவுகளில் இறங்கி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

சபை அவரை மன்னிக்கவில்லை. பலி கொடுத்த கை திருவிருந்து அப்பத்தைத் தொடக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்கு வெளியே, ஜன்னல் ஓரமாக நின்று பாடுகிறார். உயிர் காத்தவனை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே அன்பைப் பற்றிப் பிரசங்கம். இந்த வெட்கக்கேட்டை எந்த எண்ணெயால் கழுவுவது?

ஆனால் அவரை அரிப்பது சபை அல்ல. ஜீப்பில் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியை அவர் மேலே திருப்பி வைத்திருந்தார். ஒருநாள் முன்சீட்டில் அவரோடு போகும்போது ஏன் என்று கேட்டேன்.

"ராசு இப்பதான் வந்து குந்தினான்ங்க. கோழி அறுக்கறவரைக்கும் பின்சீட்டு காலியாதான் இருந்துச்சு. நானா 'அறு'ன்னு சொன்னதும் வந்துட்டான். ஒண்ணும் பண்ணமாட்டான். கண்ணாடில என்னியே பாத்துக்கினு, 'நான் தீட்டா, சிகாமணி?'ன்னு கேப்பான். அவ்வளவுதான்."

"என்ன பதில் சொல்வீங்க?"

"அந்தப் பொண்ணு பொழைச்சுதுடான்னுவேன். 'நான் அதக் கேக்கல'ன்னுவான் அவன்."

பேய் இல்லை என்று எத்தனையோ மேடைகளில் விளக்கியிருக்கிறேன். அந்த ஜீப்பில் பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

கோழியின் புண்ணியத்தில் சில நாள் கூட்டம் ஏறியது. பிறகு அடிவாரத்தில் இன்னொரு உடல் கிடந்தது. அதையும் ஏற்றிவந்தார். ஜீப் மறுபடியும் காலி. மலையில் இன்னொரு வீட்டில் ஒருத்திக்கு மாதம் நெருங்குகிறது. அந்த வாசலிலும் கையை விரித்து மறிப்பார்கள்; அவரும் மறுபடி அந்தச் சொல்லைச் சொல்வார். பின்சீட்டில் இன்னொருவர் வந்து உட்காருவார்.

பேச்சால் இந்தப் பயம் போகாது. ஏறியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்ணால் கண்டால் போகலாம். அருவி பார்க்க வருகிறவர்களே, வெள்ளிமலை ஸ்டாண்டில் யாரும் ஏறாமல் கடைசியாக ஒரு ஜீப் நிற்கும். அதில் ஏறுங்கள். பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்காரவையுங்கள். கடைத்தெரு வழியாக, எல்லாரும் பார்க்கப் போங்கள்.