நம்ம ஆளோட டியூன்

நான் எதையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. பால்கோவாவைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவேன். ஆகவே, நாற்பதைத் தாண்டிய நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ராக் பேண்டு ஆரம்பிக்கலாம் என்று கிட்டார்காரர் சொன்னபோதே, இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சில் கிட்டார் வாசிப்பவர். டிரம்ஸ்காரருக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. நான் பேஸ் கிட்டார். எண்பதுகள் முழுக்க ஒரே மெல்லிசைக் குழுவில் மம்சாபுரம், வத்திராயிருப்பு என்று திருவிழாவுக்குத் திருவிழா சினிமாப் பாட்டு வாசித்தோம். அடுத்தவர் பாட்டை அச்சு அசலாக வாசிப்பதுதான் தொழில். கொஞ்சம் பிசகினாலும் கூட்டம் விசிலடித்துவிடும். சாவதற்குள் சொந்தப் பாட்டு ஒன்று போட்டு, கேசட்டு அட்டையில் என் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் எனக்கு வெட்கமில்லாமல் இருந்தது.

டிரம்ஸ்காரரின் மச்சானுடைய பேண்டேஜ் துணி குடோனில் ஒத்திகை. துணிப் பொதிகள் சத்தத்தை வெளியே விடாது. “பேண்டேஜுக்குள்ள பேண்டு” என்று மச்சான் கேலி செய்வார். அங்கேதான் ஒருநாள் கிட்டார்காரர் மெல்லிய தந்திகளில் நிதானமாக ஒரு மெட்டு வாசித்தார். நன்றாக இருந்தது. அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. எங்கேயோ கேட்ட மெட்டு.

“யாரு டியூன் தம்பி இது?”

“நம்ம ஆளோடதுதான் அண்ணாச்சி” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நம்ம ஆள் என்றால் யார்? ராக் மெட்டு என்றால் வெள்ளைக்காரனிடம் சுட்டதாகத்தான் இருக்கும். வெள்ளைக்காரன் எப்போது நம்ம ஆள் ஆனான்? பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பாயின் கேசட்டுக் கடைக்குப் போய், இங்கிலீஷ் கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் போடச் சொல்லிக் கேட்டேன்.

“வாங்குதியளா, இல்ல கேட்டுட்டே போயிருவியளா?” என்றார் பாய்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டேன். அங்கும் அகப்படவில்லை. அகப்படாததால் சந்தேகம் இன்னும் முற்றியது. கெட்டிக்காரத் திருடன் என்று நினைத்துக்கொண்டேன்.

மதுரையில் ஒலிப்பதிவு முடிந்து அட்டை அச்சுக்குப் போகும் நேரம். “இசைன்னு ஒரு பேரு போடணும்லா” என்று கிட்டார்காரர் என்னைப் பார்த்தார். பார்வையே சரியில்லை. மாட்டிக்கொண்டால் என்னையும் சேர்த்து இழுக்கப் பார்க்கிறார் என்று பதறிவிட்டேன்.

“ஒருத்தர் பேரும் வேண்டாம். ‘இசை: குழுவினர்’னு போடு. அம்புட்டுதான்.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, “உங்க மனசு யாருக்கும் வராது அண்ணாச்சி” என்றார். நக்கல் என்று எடுத்துக்கொண்டேன்.

வெளியீட்டு விழா ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். மேடையேறியதும் வழக்கம்போலத் தந்திகளை முறுக்கி, விரல்களை விறுவிறுவென்று ஓட்டினேன். சுருதி சேர்ந்ததா என்று பார்க்க எல்லா மேடையிலும் செய்வதுதான். காது சுருதியில் இருக்கும். விரல் வாசிப்பதை நான் கவனிப்பதே இல்லை.

வீட்டில் கேசட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டிருந்த என் மனைவி முன்வரிசையிலிருந்து கேட்டாள். “என்ன, நம்ம கேசட்டுப் பாட்டையே வேகமா வாசிச்சுப் பாக்கியளா?”

“பாட்டு இல்ல, டியூனிங்” என்றேன். சொல்லிவிட்டு அதையே மெதுவாக வாசித்தேன். கிட்டார்காரர் குடோனில் வாசித்த அதே மெட்டு.

கிட்டார்காரர் குழப்பத்தோடு அருகில் வந்தார். “இத்தன வருசமா மேடைக்கு மேடை இதத்தான வாசிக்கிய? நம்ம ஆளோடதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல. பெருந்தன்மையா பேரு வேண்டாம்னுட்டியளேன்னு வீட்டுல கூட சொல்லிட்டிருந்தேன்.”

எனக்கு அழுகை வந்தது. வாசித்து முடித்து இறங்கியபோது, கையில் கேசட்டோடு பாய் காத்திருந்தார்.

“டியூனு அருமை அண்ணாச்சி” என்று என் காதருகே குனிந்தார். “யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நம்ம கடையில கேட்டியளே, அதுல எந்தக் கேசட்டுலருந்து காப்பி அடிச்சிய?”