ஹாய் அண்ணனின் மழைத்தண்ணீர் ஜாடி

ஹாய் அண்ணனின் வலது மணிக்கட்டு என்னால் உடைந்தது. அவருடைய வேலையும் என்னால்தான் போயிற்று. ஐந்து மழைக்காலமாக இதை ஒருவரிடமும் சொல்லாமல் சைகோன் தெருக்களில் வெள்ளைச் சட்டையோடு நடந்துகொண்டிருக்கிறேன்...

நீங்கள் யாரோ, எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

நான் காரைக்கால்காரன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். எங்கள் குடும்பத்தில் முதலில் பேனா பிடித்தவன் நான்; அதுவும் பிரெஞ்சில்! அந்தப் பிரெஞ்சை நம்பிச் சைகோனுக்குக் கப்பலேறினேன். பூச்சிகளை ஆராயும் ஒரு முசே, பிரெஞ்சுத் துரை, என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். அவரிடம் ஒரு வீட்டு லாரி இருந்தது. லாரியின் முதுகில் மரத்தால் ஓர் அறை. உள்ளே கட்டில், ஸ்பிரிட் அடுப்பு, பேட்டரியில் எரியும் விளக்குகள், ஒரு விசிறி. கூரைமேல் தண்ணீர்த் தொட்டி. காடு, கடற்கரை என்று மாதக்கணக்கில் அதிலேயே சுற்றுவார்.

வண்டியை ஓட்டியவரும் பழுது பார்த்தவரும் ஹாய் அண்ணன். அன்னாமியர், இந்த மண்ணின் ஆள். எழுத்து தெரியாது. கையேட்டைப் படித்துச் சொல்வதும், என்றைக்கு என்ன செய்தோம் என்று நோட்டில் எழுதுவதும், இங்கே வந்து பழகிய அன்னாம் பேச்சை வைத்து முசேவுக்கும் அவருக்கும் நடுவே மொழிபெயர்ப்பதும் என் வேலை. நான் படிப்பதைப் பாதி கேட்டுவிட்டு, "இதை எழுதினவன் நம்ம சேத்துல ஒரு நாளாவது வண்டி ஓட்டியிருப்பானா?" என்பார்.

இந்த ஊர்ப் பக்கம் மூத்த பிள்ளையை 'இரண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஹாய் என்றால் இரண்டு. ஒன்று என்று யாரும் கிடையாது. அவர் வீட்டில் அவர் ஒருவரே பிள்ளை. ஒருநாள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எங்க வீட்டுல மூணு காலியாத்தான் கிடக்கு. நீ இருந்துக்கோ" என்றார். அன்றிலிருந்து நான் 'பா'. மூன்று.

எனக்கு அண்ணன் இல்லை. அந்தச் சொல் என்னை என்ன செய்தது என்று எப்படிச் சொல்வேன்...

ஜாடிக்கு வருகிறேன். பேட்டரிக்கு உப்பில்லாத சுத்தமான தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். காட்டில் அதற்கு எங்கே போவது? ஹாய் அண்ணன் மழைத்தண்ணீர் பிடிப்பார். முதல் மழையைக் கூரை கழுவப் போகவிட்டு, இரண்டாவது மழையைத்தான் பிடிப்பார். முழங்கால் உயரப் பீங்கான் ஜாடி. வாயில் மெழுகுத் துணி. அவர் துணியை இழுத்துப் பிடிக்க, நான் கயிறு கட்டுவேன். தாகம் என்றாலும் அதைத் தொடக் கூடாது.

அந்த வருஷம் மழை நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. வுங் டாவ் கடற்கரையில் நிறுத்தியிருந்தோம். மறுநாள் முசேயின் நண்பரான ஓர் அதிகாரி விருந்துக்கு வருகிறார் என்றும், சைகோனில் எழுத்தர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது என்றும், சுத்தமாக உடுத்தி நில் என்றும் முசே சொன்னார்.

என்னிடம் இருந்தது ஒரே வெள்ளைச் சட்டை. அதில் கிரீஸ் கறை. அங்கே கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. சோப்பு நுரைக்கவே இல்லை. சட்டை முழுக்கப் பழுப்புத் திட்டுகள். அப்பாவின் முதுகு நினைவுக்கு வந்தது. ஹாய் அண்ணன் சந்தைக்குப் போயிருந்தார்.

ஜாடியைத் திறந்தேன்.

அரை ஜாடி போதவில்லை. இன்னும் கொஞ்சம் எடுத்தேன். பிறகு பயம் வந்தது. குறைந்தது தெரியாதிருக்கக் கிணற்று நீரை ஊற்றி நிரப்பி, அவர் கட்டுவது போலவே கட்டினேன். விருந்து முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நம்புகிறீர்களா? நானே நம்பவில்லை இப்போது.

விருந்து நன்றாக நடந்தது. அதிகாரி என் கையெழுத்தைப் பார்த்துத் தலையசைத்தார். மறுநாள் காலை நான் எழுந்தபோது, ஹாய் அண்ணன் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி மூடிகளைத் திருகிக்கொண்டிருந்தார். "நோட்டுல எழுது, பா" என்றார். எழுதினேன்!

முதலில் விளக்குகள் மங்கின. விசிறி நின்றது. அவர் கம்பிகளைக் கழற்றி, முனைகளைச் சுரண்டி, திரும்ப மாட்டினார். வெயிலில் வண்டியடியில் கிடந்து, இல்லாத பழுதைத் தேடினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன்...

நான்காம் நாள், திரும்பும் வழியில், ரப்பர்த் தோட்டத்து ஓரம் எஞ்சின் நின்றுவிட்டது. ஸ்டார்ட்டர் முனகக்கூட இல்லை. அவர் முன்னால் போய் ஹாண்டிலைச் செருகிச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் எஞ்சின் எதிர்த்து உதைத்தது. ஹாண்டில் திரும்பி அடித்த சத்தத்தோடு எலும்பின் சத்தமும் கேட்டது.

முசே நோட்டைப் புரட்டினார். ஜாடித் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துத் துப்பினார். இது எங்கே பிடித்தது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

மணிக்கட்டை மார்போடு அணைத்தபடி ஹாய் அண்ணன் சொன்னார்: "மழைத்தண்ணிதான். மூடி கட்டினதே பாதான். அவனைக் கேளுங்க."

எனக்கு எழுத்தர் வேலை தரச் சொல்லி அதிகாரி எழுதிய கடிதம் இன்னும் முசேயின் பையில் இருந்தது.

நான் பிரெஞ்சில் சொன்னேன்: "எங்கே பிடித்ததென்று ஞாபகம் இல்லையாம்."

என்னிடம் பிரெஞ்சுக் குடிமகன் என்ற தாள் இருந்தது. அவரிடம் வரிச்சீட்டு மட்டும். யார் சொல் எடுபடும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் இருபது வருஷம் பிரெஞ்சுக்காரர்களுக்கு வண்டி ஓட்டியவர் அவர். பேச வராவிட்டாலும், நான் சொன்னது புரியும் அளவுக்குப் பிரெஞ்சு அவருக்குத் தெரியும். என்னை மெதுவாகப் பார்த்தார். கழுத்துப்பட்டையிலிருந்து கைமடிப்பு வரைக்கும்.

"சட்டை நல்லா வெளுத்திருக்கு, பா."

அவ்வளவுதான் சொன்னார். முசேவுக்கு அது விளங்கவில்லை. என்ன என்று கேட்டார். வலிக்கிறதாம் என்றேன். பொய்யா அது?

வழியிலிருந்த பாரியா ஊர் மருத்துவமனையில் அவரை இறக்கிவிட்டோம். அங்கேயே கணக்குத் தீர்த்து முசே அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார். நான் எழுத்தர் ஆனேன். அப்பாவுக்கு எழுதினேன், ஊரெல்லாம் காட்டினாராம் அந்தக் கடிதத்தை.

பாரியாவுக்கு இரண்டு முறை போனேன். கராஜ் கராஜாகக் கேட்டேன். கை வளைந்த ஒரு டிரைவரா? யாரும் பார்க்கவில்லை. அவர் முன்னால் போய் நின்று என்ன சொல்வேன் என்றும் தெரியாது. ஆனாலும் ஒருமுறை அவர் சிரிப்பைக் கேட்டுவிட வேண்டும் போலிருக்கிறது... கையேட்டைக் கேலி செய்யும் அந்தச் சிரிப்பை.

என் அறை வாசலில் ஒரு பீங்கான் ஜாடி வைத்திருக்கிறேன். முதல் மழையை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடிக்கிறேன். மெழுகுத் துணியை ஒரு கையால் இழுத்துப் பிடித்து மறு கையால் கட்டுவது கடினம். அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

இந்த நகரத்தில் சந்துக்குச் சந்து ஒரு 'பா' இருக்கிறான். அம்மாக்கள் கூப்பிடுகிறார்கள், ரிக்‌ஷாக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கிறேன். வேறு எவனோ ஒருவன், "இதோ, அண்ணே" என்று என்னைத் தாண்டி ஓடுகிறான்.