கால் தேய்க்கும் கல்

எங்கள் வீட்டுக் குளியலறையில் கால் தேய்க்க ஒரு கல் கிடந்தது. வெளிறிய பழுப்பு நிறம், உள்ளங்கை அகலம். ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் கல்லாகிப்போன மரத்தின் படத்தைப் பார்த்த அன்று, குளிக்கும்போது அதைக் குனிந்து பார்த்தேன். அறுத்த மரத்தில் இருப்பதுபோல வளையம் வளையமாகக் கோடுகள். ஈரக்காலோடு கூடத்துக்கு ஓடினேன்.

ஆட்டோ ஓட்டும் சித்தப்பா கல்லை வாங்கிப் பார்த்துவிட்டு, எங்கள் தாத்தா மலையில் ஆடு மேய்க்கும்போது எடுத்துவந்தது என்று அடித்துச் சொன்னார். “அண்ணாமலையே நெருப்பா இருந்து கல்லானதுதான? மரம் கல்லாவாதா?” என்றார். மலையடியில் இருக்கும் எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் அதை மறுத்துப் பேச ஆள் கிடையாது. மறுநாளே ஆசிரமத்துப் பக்கம் சவாரி ஏறிய வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் விஷயம் போய்விட்டது. நானும் பள்ளிக் கண்காட்சிக்கு ‘நம் மலையில் கிடைத்த கல்மரம்’ என்று கொட்டை எழுத்தில் அட்டை எழுதினேன். தலைகால் புரியாத பெருமை எனக்கு.

அறிவியல் டீச்சர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்மரம்தான், சந்தேகமில்லை என்றார். “ஆனா இந்த மலை அடியாழத்துல வெந்து இறுகின பாறைம்மா. அதுல மரம் எப்படி மிஞ்சும்? மலையில எடுத்ததைப் பார்த்தவங்க இருக்காங்களான்னு கேட்டுட்டு வா. இல்லன்னா அட்டைய வைக்க முடியாது.”

அட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் விசாரணையை ஆரம்பித்தேன். தாத்தா உயிரோடு இல்லை. சித்தப்பாவைக் கேட்டால், “உங்கப்பாதான் சொன்னாரு” என்றார். அப்பாவைக் கேட்டால், “உங்க சித்தப்பன் சொன்னானே” என்றார். ஒருவருக்கு மற்றவர் சாட்சி. பார்த்தவர் யாருமில்லை.

சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே சொன்னாள்.

“அது எங்கூரு கல்லுடி. கல்யாணமாகி வரும்போது துணிமூட்டையில வெச்சு எடுத்தாந்தேன்.”

அம்மாவின் ஊர் திருவக்கரைப் பக்கம். நான் அவளையும் விடவில்லை. அதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டேன்.

“மாமா வீட்டு வாசல்ல பெருசா ஒண்ணு கெடக்குதே, லீவுக்குப் போனா ஏறி ஏறிக் குதிப்பியே. அதுலயும் இதே வளையந்தான்.”

கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். என் காலுக்கு அந்த வரிகள் நன்றாக ஞாபகமிருந்தன.

“ஆட்டோ ஸ்டாண்டுல நான் மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது? அட்டைய அப்படியே வுடு, எவன் கேக்கப்போறான்” என்றார் சித்தப்பா. நான் அட்டையைக் கிழித்துப் புதிதாக எழுதினேன்: ‘திருவக்கரைப் பக்கத்துக் கல்மரம். கொண்டுவந்தவர், என் அம்மா.’

முதல் பரிசு நுரை கக்கும் எரிமலைக்குப் போனது. ஆனால் கூட்டம் என் மேசையில்தான். கண்காட்சி பார்க்க வந்திருந்த அம்மாவை டீச்சர் பேசச் சொன்னார். வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையில் ஏர் ஓட்டினால் கல்மரம் கிளம்புவதையும், மழை விட்டதும் செம்மண்ணிலிருந்து அது பளிச்சென்று தலைகாட்டுவதையும் அம்மா சொல்லிக்கொண்டே போனாள். அவள் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்லை. இவள் என் அம்மா என்று பக்கத்து மேசைக்காரர்களுக்கெல்லாம் சொன்னேன்.

ஆட்டோவில் வீடு திரும்பும்போது கல் அம்மாவின் மடியில் இருந்தது. சித்தப்பா முன் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தபடி கேட்டார். “ஏன் அண்ணி, இத்தினி வருஷமா ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க?”

“யாரு கேட்டீங்க?” என்றாள் அம்மா.

எல்லோரும் சிரித்தோம். நான்தான் பலமாகச் சிரித்தேன். அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.