பராசக்தி ரீச்சரின் பிடியரிசி

சுன்னாகம் சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த அந்தச் சைவப் பள்ளிக்கூடத்தில் பிடியரிசி என்றால் பராசக்தி ரீச்சர், பராசக்தி ரீச்சர் என்றால் பிடியரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைப் பிறருக்கென்று புறம்பாக எடுத்து வைக்கிற வழக்கம் ஊரில் எல்லா வீட்டிலும் இருந்ததுதான். அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து, கொடுக்கிற பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டினவள் அவள். அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

வெள்ளிக்கிழமை வந்து பார்க்கவேண்டும். தேவாரம் முடிந்த கையோடு பளபளவென்று விளக்கிய வெண்கலப் பானை மண்டபத்தின் நடுவில் வந்து குந்திவிடும். பிள்ளைகள் வரிசையில் வந்து அரிசியைக் கொட்டக் கொட்ட, ரீச்சர் பேர் சொல்லி உரத்துப் புகழுவாள்.

"பாருங்கோ, சண்முகநாதன் எவ்வளவு கொண்டந்திருக்கிறான் எண்டு! இவனைப் பாத்துப் பழகுங்கோ!"

கைதட்டல் பறக்கும். கொஞ்சமாகக் கொண்டுவந்த பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு போகும். பிறகு, அரிசி தேவையான பிள்ளைகளை முன்னுக்கு வரச்சொல்லிக் கூப்பிடுவாள். மடியை ஏந்தி வாங்கவேண்டும். வாங்கியபின் எல்லாரையும் பார்த்துக் கும்பிடவும் வேண்டும். தொடக்கத்தில் நாலைந்து பேர் வந்தார்கள். போகப்போக ஒருவரும் வரவில்லை. "பாத்தியளே, எங்கடை பள்ளிக்கூடத்திலை பசிச்ச பிள்ளையே இல்லை" என்று பூரித்துப்போய், அரிசி முழுவதையும் கோயில் மடத்துக்கு அனுப்பிவிடுவாள்.

ஆளைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். தன் உலையில் பிடியரிசி எடுக்காமல் அவள் ஒருநாளும் சோறு ஆக்கியதில்லை. ஆனால் இந்தப் பொறாமை என்கிற சனியன் இருக்கிறதே, அது சின்ன வயதிலேயே அவளைப் பிடித்துக்கொண்டது. முதலில் சொந்த அக்கா மேலே. அக்கா குணலட்சுமிக்கு மலாயாவில் றெயில்வே உத்தியோகத்தர் மாப்பிள்ளையாக வாய்த்தார். மாதம் தவறாமல் காசு வரும், அவர் லீவில் வந்தால் பட்டும் நகையும் வரும். பராசக்திக்கு வாய்த்தவர் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். தங்கமான மனிதர்தான். ஆனால் மனிதர் தங்கமாக இருந்தால் மட்டும் போதுமா, அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போக முடியுமா?

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகுவேலி மட்டும்தான். யுத்தம் வந்து, யப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பிறகு அக்காவுக்குக் காசும் நின்றது, கடிதமும் நின்றது. ஊர் "பாவம்" என்றது. பராசக்தியும் வாயால் "பாவம்" என்றாள். இருக்கிற நகையை வைத்தே பேரப்பிள்ளை காலம்வரைக்கும் சாப்பிடலாம், அவளுக்கென்ன குறை என்று மனது சொன்னது. வேலியடிக்குப் போய் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

கடைகளில் அரிசி மறைந்து, கூப்பன் அரிசியும் குரக்கனும் மரவள்ளியுமாக ஊர் காலம் தள்ளிய அந்த நாளில்தான் கரவெட்டியிலிருந்து அருந்ததி என்று ஒரு புது ரீச்சர் வந்து சேர்ந்தாள். இளம் பெண். அதிர்ந்து பேசமாட்டாள். வந்த சூட்டோடு தன் வகுப்புக்கென்று ஒரு மண்பானை வாங்கி, புத்தகங்கள் வைக்கிற சின்ன அறைக்குள் வைத்து, வாயைத் துணியால் கட்டி, துணியின் நடுவில் கை போகிற அளவுக்கு ஓட்டை போட்டாள். எந்த வகுப்புப் பிள்ளையும் போகலாம், தனியாகத்தான் போகவேண்டும். பேர் சொல்வதும் இல்லை, கைதட்டலும் இல்லை.

"உதென்ன கூத்து?" என்று பராசக்தி கேட்டாள். "ஆர் போட்டது, எவ்வளவு போட்டது எண்டு தெரியாட்டில் பிள்ளையள் என்னத்தைப் பழகிறது?"

"பிள்ளையள் பழகுவினம் அக்கா, பாப்பம்" என்று அருந்ததி சிரித்தாள்.

சிரித்தால் போகட்டும். அந்த 'அக்கா' தான் பராசக்திக்குச் சுட்டது.

கொஞ்ச நாளில் வெண்கலப் பானைக்கு முன்னால் வரிசை மெலிந்தது. அவளுடைய வகுப்புப் பிள்ளைகளே கையில் பொட்டலத்தோடு அந்தச் சின்ன அறைப் பக்கம் நழுவினார்கள். அதைப் பார்க்கப் பார்க்கப் பராசக்திக்கு வயிறு பற்றி எரிந்தது. சோறு இறங்கவில்லை, நித்திரை இல்லை, வாய் திறந்தால் அருந்ததியின் கதைதான்.

"என்னப்பா, ஒரு மண்பானையோடையும் சண்டையே?" என்று புருசன் பகிடி விட்டார். அன்றைக்கு அவருக்குப் பழஞ்சோறும் கிடைக்கவில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டபின், யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்த அறைக்குள் போய்த் துணியை அவிழ்த்துப் பார்த்தாள். பானை அரைவாசிகூட இல்லை! இவ்வளவு கை போய்வந்த பானை! அவளுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. அடுத்த கணமே மூளை வேலை செய்தது. போட்ட அரிசி எங்கே? யாரோ களவெடுக்கிறார்கள். கள்ளனைப் பிடித்துக் காட்டினால் அருந்ததியின் கெட்டித்தனமும் அந்த ஓட்டைத் துணியும் அன்றோடு சரி.

நேரே தலைமை வாத்தியார் நமசிவாயத்திடம் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உந்தக் கதையை விடும் பிள்ளை. அது அவவின்ரை பானை. அவ பாத்துக்கொள்ளுவா."

"களவை விடச் சொல்லுறியளோ ஐயா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசையிலிருந்த கொப்பியைப் புரட்டத் தொடங்கினார். இவரையும் அருந்ததி கைக்குள் போட்டுக்கொண்டாள் என்று பராசக்தி முடிவு கட்டினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாரும் தேவாரத்துக்கு நின்றபோது, அவள் மெல்ல நழுவிப் போய் அந்த அறையில் அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. பானைக்குள் வெறுங்கை ஒன்று போனது. பிடி நிறைய அரிசியோடு வெளியே வந்து, ஒரு சின்னப் பனையோலை உமலுக்குள் கொட்டியது. திரும்பவும் போனது. பராசக்தி பாய்ந்து அந்தக் கையை எட்டிப் பிடித்தாள்.

"பிடிச்சிட்டன்! ஓடியாங்கோ! கள்ளன் பிடிபட்டிட்டுது!"

அரிசி நிலமெல்லாம் சிந்தியது. தேவாரத்தைப் பாதியில் விட்டுப் பள்ளிக்கூடமே ஓடிவந்து வாசலில் நின்றது. அப்போதுதான் அவள் கைக்குரியவளின் முகத்தைப் பார்த்தாள்.

தவமணி. அக்காவின் மகள்.

காதில் தோடு இல்லை. துளை தூர்ந்துபோகாமல் இருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தது. கையில் ஒரு காப்பு இல்லை. பிடித்திருந்த மணிக்கட்டில் சதையும் இல்லை. நாள்தோறும் வேலிக்கு அந்தப் பக்கம் நடமாடுகிற பிள்ளை. பராசக்தி இதை ஒருநாளும் பார்க்கவில்லை.

அருந்ததி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பராசக்தியின் காதோடு சொன்னாள்.

"அக்கா, கையை விடுங்கோ. உந்தப் பானைக்குள்ளை போடவும் கை போகும், எடுக்கவும் கை போகும். தேவையான ஆள் எடுக்கலாம் எண்டு முதல்நாளே பிள்ளையளிட்டைச் சொல்லித்தான் வைச்சனான்."

பராசக்தி பிள்ளைகளைப் பார்த்தாள். சண்முகநாதன் உட்பட அத்தனை பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு வாண்டுகூட வாய் திறக்கவில்லை. அவள் இத்தனை காலம் கத்திக் கத்திப் படிப்பித்தும் வராத ஒன்று அந்தப் பிள்ளைகளுக்கு வந்திருந்தது, அதுவும் அருந்ததியால். அந்த நேரத்திலும் அவளுக்குப் பொறாமைதான் முந்திக்கொண்டு வந்தது.

"ரீச்சர், கள்ளன் எங்கை?" என்றது விசயம் தெரியாத பாலர் வகுப்புக் குஞ்சு ஒன்று.

தவமணியின் கை இன்னும் அவளுடைய பிடிக்குள்தான் இருந்தது. இப்போது ஒரு சொல் பிசகினால் அந்தப் பிள்ளை இனிப் பள்ளிக்கூட வாசல் மிதிக்காது.

"கள்ளனும் இல்லை, ஒருத்தரும் இல்லை" என்றாள் பராசக்தி. "இவ பிடியரிசி போட வந்தவ. நான்தான் பிழையாய் விளங்கிக் கத்திப்போட்டன். அருந்ததி ரீச்சர், மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

சொல்லிவிட்டுத்தான் தவமணியின் கையை விட்டாள்.

பின்னேரம் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையில் தவமணியைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

"ஏன்ரி பிள்ளை, பக்கத்திலைதானே நான் இருக்கிறன்? சின்னம்மாவிட்டை வந்து கேட்டிருக்கலாமே?"

தவமணி நடையை நிறுத்தாமலே சொன்னாள்.

"நானும் அம்மாவிட்டை அப்பிடித்தான் கேட்டனான் சின்னம்மா. நீங்கள் கட்டாயம் தருவியளாம். தந்திட்டு எல்லாருக்கும் சொல்லுவியளாம்."

பராசக்தி வீட்டுக்குப் போனதும் உடுப்பு மாற்றவில்லை. அரிசியை அள்ளி ஒரு உமல் நிறையப் போட்டுக்கொண்டு வேலியடியில் நின்று அக்காவைக் கூப்பிட்டாள். குணலட்சுமி வந்தாள், உமலைப் பார்த்தாள், சிரித்தாள்.

"எங்களிட்டை இருக்கு பராசக்தி. நீ இல்லாததுகளுக்குக் குடு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுடைய குசினி அடுப்பில் புகை இல்லை.

திங்கட்கிழமை பிள்ளைகள் வருமுன்பே பராசக்தி அந்தச் சின்ன அறைக்குள் போனாள். துணியின் ஓட்டையால் அரிசியைக் கொட்டிக்கொண்டிருந்தபோது கதவடியில் காலடி கேட்டது. அருந்ததி. பராசக்தியைக் கண்டாள், உமலைக் கண்டாள், கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனாள். கண்டதைக் காணாததுபோல விட்டுப்போகிற மனது இவளுக்கு மட்டும் எங்கேயிருந்து வருகிறது என்று பராசக்திக்கு எரிந்தது. கூடப்பிறந்த அக்காவின் உலையில் ஒரு பிடி அரிசி போடுவதற்கு அருந்ததியின் பானையைவிட்டால் அவளுக்கு வேறு வழி இல்லை. வயிறு எரிய எரிய, உமலைத் தட்டித் தட்டி, ஒரு மணி மிச்சமில்லாமல் கொட்டினாள்.