கறிக்கு உப்புப் பார்த்தவர்

திருமணமான நாளிலிருந்து என் கணவருக்கு இறைச்சி சமைத்துக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு துளியையும் என் நாவில் வைத்ததில்லை. நான் பிறந்த வீடு சைவம். இலங்கையிலிருந்து ரயில்வே எழுத்தராக இங்கு வந்த என் பாட்டனாரின் காலம் தொட்டு எங்கள் அடுப்பில் முட்டைகூட ஏறியதில்லை. என் கணவரோ செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமையன்று கறி மணக்காவிட்டால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அண்டை வீட்டார் விசாரிக்க வருவார்களாம். இரு வீட்டாரும் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்ட திருமணம் எங்களுடையது. அவர் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. நான் அவரைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. கூலாயில் நாங்கள் வாங்கிய வரிசை வீட்டின் சமையலறையில் பாத்திரங்கள் மட்டும் தனித்தனியாக இருந்தன.

ருசி பாராமல் சமைப்பவளுக்கு இன்னொருவர் நாக்கு துணைக்கு வேண்டும். குழம்பு கொதித்து எண்ணெய் மேலே பிரிந்ததும், "உப்பு!" என்று குரல் கொடுப்பேன். அவர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வந்து உள்ளங்கையை நீட்டுவார். கரண்டி நுனியால் சிறிது விடுவேன். ஊதி, நக்கி, கண்களை மூடிக்கொண்டு தீர்ப்பு வழங்குவார்.

"கொஞ்சம் தூக்கலா இருக்கு, டீச்சர். ஆனா பாஸ் மார்க்."

இடைநிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்த எனக்கு வீட்டிலும் அதுதான் பெயர். கோபம் வந்தால் மட்டும் 'சைவப் பழம்' ஆகிவிடுவேன்.

அவருக்கு நாற்பதுகளிலேயே இனிப்புநீர் என்னும் சர்க்கரை நோய் வந்துவிட்டது. சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்து, கிடைத்ததைத் தின்று, இருட்டிய பின் திரும்பும் வாழ்க்கையில் மாத்திரைகள் ஒரு பக்கம், சீனி கரைத்த தே தாரேக் தேநீர் ஒரு பக்கம் என்று ஆண்டுகள் ஓடின. ஓய்வு பெற்றபின் கைத்தொலைபேசியும் சாய்வு நாற்காலியும் அவருக்குக் கிடைத்தன. யாரோ ஒருவர் பேசும் காணொளிகளை நாள்தோறும் பார்க்கத் தொடங்கினார். ஒரு காலையில், நான் வைத்த இட்டிலித் தட்டைப் பக்குவமாக என் பக்கம் தள்ளிவிட்டார்.

"இனிமே சோறு இல்ல, ரொட்டி இல்ல, காய் இல்ல, பழம் இல்ல. கறி, முட்டை, மீனு. அவ்ளோதான்."

"காய்கூடவா இல்ல?"

"காய்தான் வெஷம்ங்கறான். செடிக்கு ஓடத் தெரியாதுல்ல, அதனால கடிக்க வர்றவனுக்காக உள்ளயே வெஷத்த வச்சிருக்காம்."

"அப்ப நான் இத்தன வருஷமா வெஷத்த தின்னுட்டா உயிரோட இருக்கேன்?"

"அதான் இப்படி ஒல்லியா இருக்க."

நான் சிரித்தேன். ஒரு வாரம் தாங்காது என்று எண்ணினேன்.

தாங்கியது. இதை மறைக்காமல் எழுத வேண்டும்: அந்த உணவு அவருக்கு நன்மை செய்தது. தொப்பை கரைந்தது. அலமாரியின் அடியில் கிடந்த பழைய காற்சட்டைகள் மறுபடி இடுப்பில் நின்றன. விரலில் ஊசி குத்திப் பார்க்கும்போதெல்லாம் சர்க்கரை இறங்கியிருந்தது. பகல் உறக்கம் போய், தோட்டத்துப் பையனைப் போல விசிலடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். நான் படிக்கிறவள், இரு தரப்பையும் தேடிப் படித்தேன். மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை இறங்கும் என்பதை மறுக்க எனக்கு எதுவும் அகப்படவில்லை. பழைய இனிப்புநீர்க்காரரின் சிறுநீரகத்துக்கு இவ்வளவு இறைச்சி ஆகாது என்று எழுதியிருந்ததையும் படித்தேன். அதை அவரிடம் வாசித்தும் காட்டினேன். "ஒனக்குக் கறிமேல கோவம். அதான் அந்த மாதிரி எடமாத் தேடிப் படிக்கிற" என்றார். சைவ வீட்டுப் பெண் இறைச்சியைப் பற்றி எதைச் சொன்னாலும் அது வழக்காடுவதாகத்தான் கேட்கும் என்பது அன்று புரிந்தது.

காஹாங்கிலிருந்து அவருடைய தங்கை மாதந்தோறும் காட்டுப்பன்றி இறைச்சியைப் பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டு வருவாள். படி ஏறும்போதே அவளுடைய குரல் உள்ளே வந்துவிடும்.

"அலமாக்! அண்ணே, என்னாண்ணே, கல்யாண மாப்பிள்ள மாதிரி ஆயிட்டீங்க? அண்ணி, இனிமே நீங்க கீரைய ஆக்கிப் போட்டு எங்க அண்ணன ஆடா ஆக்கிடாதீங்க லா."

"ஆடு கீரைதான் திங்குது. ஒங்க அண்ணன் அந்த ஆட்டத் திங்கிறாரு. சுத்திச் சுத்தி அதே கீரைதான்" என்றேன்.

"பாரு, டீச்சர் பேச ஆரம்பிச்சிட்டாங்க!" என்று இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன். அவர் நலமாக இருந்தார். சிரிக்காமல் என்ன செய்வேன்?

ஒன்று மட்டும் எனக்குக் குறையாக இருந்தது. அவருடைய இறைச்சியில் இப்போது குழம்பு இல்லை, மிளகாய் இல்லை, வெங்காயம் இல்லை. கொழுப்போடு நான் வாட்டி வைத்ததில் அவரே உப்பைத் தூவித் தின்றார். உப்புப் பார்க்க நான் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

அந்த ஆண்டுப் புரட்டாசி வந்தது. எங்கள் ஊரில் எவ்வளவு கறி தின்கிற வீடானாலும் புரட்டாசியில் அடுப்பு சைவமாகிவிடும். குளிர்பதனப் பெட்டியைக் காலி செய்து, பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்து, சாமி மேடையைத் துடைப்பார்கள். அவரும் அதுவரை ஒரு புரட்டாசியையும் விட்டதில்லை. "இந்த ஒரு மாசம் மட்டும்" என்று கேட்டேன். என் முகத்துக்காக ஒப்புக்கொண்டார்.

ஆனால் எங்கள் புரட்டாசிச் சைவம் என்பது என்ன? வாழையிலை நிறையச் சோறு, சாம்பார், உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம், சனிக்கிழமை பாயசம், சீனர் கடையில் விற்கும் கோதுமையாலும் சோயாவாலும் செய்த சைவ ஆட்டுக்கறி. அந்தப் பொய்க்கறியை அசல் கறியைப் போலவே மசாலா போட்டு, எண்ணெய் மிதக்கச் சமைத்தேன். அவருக்குப் பிடிக்க வேண்டுமே என்ற ஆசை. "உப்பு!" என்று மறுபடி கூப்பிட்டேன். உள்ளங்கையை நீட்டினார். "பாஸ்" என்றார். அந்த மாதம் முழுதும் நான் மகிழ்ச்சியாக இருந்தேன்.

மாதம் முடிந்ததும் இரத்தப் பரிசோதனை. சர்க்கரை ஏறியிருந்தது. முடிவுத்தாளை மேசைமேல் வைத்து விரலால் தட்டினார்.

"பாத்தியா? கறி தின்னா எறங்குது. சாமிக்கு விரதம் இருந்தா ஏறுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும், டீச்சர்?"

ஏறியது சோற்றாலும் பாயசத்தாலும்தான். இறைச்சியை விட்டதனால் அல்ல என்றேன். அவர் கேட்கவில்லை. அந்தச் சாட்சியை என் கையாலேயே ஆக்கி, இலையில் பரிமாறியிருந்தேன். அடுத்த புரட்டாசியில் வீட்டுக்குப் பின்னால், துணி காயும் கொடிக்குக் கீழே, தனியாக ஓர் எரிவாயு அடுப்பை வைத்துக்கொண்டார். "வீட்டுக்குள்ள ஆக்கல. ஒன் சாமிக்குத் தெரியாது" என்றார்.

பிறகு கால் பெருவிரல் வீங்கியது. போர்வையின் நுனி பட்டாலும் அலறுகிற வலி. கௌட், இறைச்சி மிகுந்தால் வரும் மூட்டுவாதம் என்றார்கள். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரைகளை விழுங்கினார். வலி போனதும் மீண்டும் இறைச்சி. வலி வந்ததும் மீண்டும் மாத்திரை. உடல் இளைத்துவிட்டதே என்று இரத்த அழுத்த மருந்தைத் தாமாகவே நிறுத்தியிருந்தார். வில்லைகள் அட்டையில் அப்படியே இருந்ததைக் கண்டு கேட்டேன். "ஒடம்பு என்னுது" என்றார். அதட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், தங்கையை விட்டுச் சொல்லச் சொன்னேன். அவளோ, "எங்கப்பாவுக்கும் கால் வீங்கும் அண்ணி, தானா வத்திரும்" என்றாள். சமைக்க மாட்டேன் என்று இரண்டொரு நாள் இருந்தும் பார்த்தேன். அவர் கடையில் வாங்கி வந்தார். அதில் இன்னும் உப்பு, இன்னும் கொழுப்பு. நான் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தேன்.

கழிவறையைக் கழுவும்போதுதான் நுரையைப் பார்த்தேன். சோப்புத் தண்ணீர் கொட்டியது போல, நெடுநேரம் அடங்காமல் நின்ற நுரை. சிறுநீரகம் பழுதானால் சிறுநீர் இப்படி நுரைக்கும் என்று படித்திருந்தேன். தண்ணீரை ஊற்றிவிட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் சற்று உட்கார்ந்திருந்தேன்.

மருத்துவமனையில் எங்களைப் பார்த்த மருத்துவர் இளம்பெண், தமிழ்ப்பெண். முடிவுகளைக் கண்டபின் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். சிறுநீரகங்கள் இரண்டுமே பெருமளவு பழுதாகிவிட்டன என்றார்.

"சுகர் நல்லாதானே இருக்கு, டாக்டர்?" என்று இவர் கேட்டார்.

"சுகர் நல்லா இருக்கு, அங்கிள்."

அவர் வென்ற மாணவனைப் போல என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க இயலவில்லை.

"கறியாலதான் கெட்டுச்சா?" என்று நான் கேட்டேன்.

"அதால மட்டும்னு சொல்ல முடியாது, ஆன்ட்டி. இனிப்புநீர் எத்தனையோ வருஷமா இருக்கு. பிரஷர் மருந்த விட்டிருக்காங்க. வலி மாத்திரை ரொம்பப் போட்டிருக்காங்க. அதுக்கு மேல கறி. எது எவ்ளோன்னு பிரிச்சுச் சொல்ல யாராலயும் முடியாது."

வெளியே வந்து வண்டிக்காக நின்றபோது அவர் மெல்லச் சொன்னார்: "கறின்னு சொல்லலல்ல?"

"சொல்லல" என்றேன். அவரை வெல்வதில் எனக்கு அப்போது ஒரு பயனும் தெரியவில்லை.

இறைச்சியை வெகுவாகக் குறைக்கச் சொன்னார்கள். இனி என் சமையலறை அவரைக் காக்கும் என்று ஒரு நாள் முழுதும் நம்பினேன். மறுநாள் உணவு ஆலோசகர் என் சமையலறையையும் ஒவ்வொன்றாக மூடினார். கீரை வேண்டாம், வாழைப்பழம் வேண்டாம், தக்காளி, இளநீர் வேண்டாம், பருப்பு அளவோடு. அவற்றிலுள்ள பொட்டாசியத்தைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற இயலாது, இதயம் நின்றுவிடக்கூடும். காய்களைச் சிறிதாக நறுக்கி ஊறவைத்து, வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். பிறந்த வீட்டில் காய் வெந்த நீரை நாங்கள் வீணாக்கியதில்லை. சத்தெல்லாம் அதில்தான் என்று ரசத்தில் சேர்ப்போம். இப்போது பச்சை நிறம் இறங்கிய அந்த நீரைக் கழுவுதொட்டியில் சாய்த்துவிட்டு, நிறமற்ற சக்கையை அவர் தட்டில் வைத்தேன்.

"செடியில வெஷம்னு அவன் சொன்னது சரியாப் போச்சு பாத்தியா" என்றார். சிரிக்க முயன்றார்.

வாரத்துக்கு ஒருமுறை சிறு துண்டு கோழி அனுமதி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, உப்பை மிகக் குறைத்து, மிளகு தட்டிப் போட்டுச் சமைத்தேன். கூப்பிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உள்ளங்கையை நீட்டினார். நக்கியவர் முகத்தைச் சுளித்துத் தொட்டியில் துப்பினார்.

"இரும்ப நக்கின மாதிரி இருக்கு. நாத்தம் வேற. எடுத்துட்டுப் போ."

கோழி புதியது. காலையில்தான் சந்தையில் வாங்கியிருந்தேன். அடுத்த ஞாயிறும் அப்படியே. தங்கை கொண்டு வந்த மீன் குழம்பின் மணம் வந்ததுமே எழுந்து வெளியே போய்விட்டார். மணமான புதிதில் சாமி மேடைமுன் நின்று, என் கணவர் தாமாகவே இறைச்சியை வெறுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட நாட்கள் உண்டு. வேண்டுதல் இப்படி வந்து சேர்ந்தது. கழிவு இரத்தத்தில் தேங்கியதால்தான் நாக்கு அப்படி ஆகிறது, இனித் தள்ளிப்போட இயலாது என்றார் மருத்துவர். ஒருநாள் விட்டு ஒருநாள், ஓர் இயந்திரம் அவர் இரத்தத்தைக் கழுவித் திருப்பித் தரத் தொடங்கியது.

அந்த இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில், நீள வரிசையில் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் ஒரு மனைவியோ மகளோ கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டுக்கொண்டிருப்பாள். சில வாரம் கழித்து உணவு ஆலோசகர் என்னைத் தனியே அழைத்தார்.

"ஆன்ட்டி, இப்ப வேற மாதிரி. மெஷின்ல புரதம் போயிடுது. அங்கிள் ரொம்ப மெலிஞ்சிட்டாங்க. முட்டை வெள்ளைக்கரு, கோழி, மீன், தெனமும் கொடுக்கணும்."

"போன தடவ கறி வேணாம்னீங்களே, அம்மா?"

"அது அப்ப. இப்ப சாப்பிட்டே ஆகணும்."

அப்போது புரட்டாசி பிறந்திருந்தது. பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்திருந்தேன். கவிழ்த்தவற்றுள் ஒன்றை நிமிர்த்தி, சாமி மேடையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கையிலேயே, தண்ணீர் ஊற்றி முட்டையை வேகவைத்தேன். முதல் சனிக்கிழமை அது. மஞ்சளை நீக்கி, வெள்ளையை நறுக்கி எடுத்துச் சென்றேன். நாற்காலியில் அவர் கண்மூடி இருந்தார். சட்டைக் கழுத்துக்குள் தோள் எலும்புகள் துருத்தி நின்றன.

"என்னங்க, இத மட்டும் சாப்பிடுங்க."

தட்டைப் பார்த்தார். பிறகு விளக்கைப் பார்த்தார்.

"புரட்டாசி ஆச்சே."

"பரவால்ல."

"ஒன் அடுப்புலயா ஆக்குன?"

"ஆமா."

"பின்னாடி என் அடுப்பு இருக்குல்ல?"

"மழை பெய்யுது" என்றேன். மழை பெய்யவில்லை.

அவர் எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாக, பழைய பழக்கத்தில், உள்ளங்கையை நீட்டினார். ஊசி குத்திக் குத்திக் கறுத்த முழங்கை. ஒரு துண்டை அதில் வைத்தேன். வாயிலிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். நான் கரண்டியைப் பிடித்தபடி, தீர்ப்புக்குக் காத்திருக்கிறவளைப் போல நின்றிருந்தேன். நெடுநேரம் மென்றார்.

"உப்பு இருக்கா இல்லையான்னு தெரியல, டீச்சர்" என்றார். "நீ சொல்லு."

அதில் உப்பு போடவில்லை. அவருக்கு ஆகாது. "இருக்கு, சரியா இருக்கு" என்றேன். தலையை அசைத்துவிட்டு, அடுத்த துண்டுக்காக மறுபடி கையை நீட்டினார்.